நம்ம மீன் தொட்டி நன்னீர்த் தொட்டியாகவே இருக்கட்டும்!



இரண்டு வாரமாக நம் பள்ளியில் ஒரே பேச்சு. ஆய்வகத்தில் ஜன்னல் ஓரமாக இருக்கிறதே மீன் தொட்டி, அதைக் கடல்நீர்த் தொட்டியாக மாற்ற வேண்டுமாம். உள்ளே பவளப்பாறை வைத்து, நீல விளக்குப் போட்டு, இரண்டு நீமோ மீன் விட்டால் மாவட்ட அறிவியல் கண்காட்சியில் முதல் பரிசு நமக்குத்தான் என்று பிளஸ் டூ அண்ணன்கள் சொல்கிறார்கள். தண்ணீரோடு இருநூறு கிலோவுக்கு மேல் இருக்கும் தொட்டியைத் தர்மபுரி வரைக்கும் எப்படித் தூக்கிக்கிட்டுப் போவீங்க அண்ணா என்று கேட்டேன். "வீடியோ எடுத்துக் காட்டுவோம்" என்றார்கள். வீடியோ காட்டுவதற்கு எதற்குத் தொட்டி என்று அடுத்த கேள்வி கேட்பதற்குள் மணி அடித்துவிட்டது.

அதனால் மீதிக் கேள்விகளை இந்தச் சுவர் இதழில் எழுதுகிறேன். என் கருத்து: மாற்ற வேண்டாம்.

ஆசைப்படுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. 2003-இல் வந்த நீமோ படத்தைப் பார்த்த யாருக்கும் அந்த ஆரஞ்சு, வெள்ளைப் பட்டை மீன் மேல் ஆசை வரும். கடல் சாமந்தியின் கொட்டும் விரல்களுக்கு நடுவிலேயே குடியிருக்கிற மீன் அது. படத்தில் சொல்லாத ஒரு விஷயமும் அதில் உண்டு. கோமாளி மீன்கள் எல்லாம் முதலில் ஆணாகத்தான் இருக்கும். கூட்டத்தில் பெரிய பெண் மீன் செத்துப் போனால், அதன் ஜோடியாக இருந்த ஆண் மீன் பெண்ணாக மாறிவிடும்! உயிரியல் வகுப்பில் இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கும் அதை நேரில் பார்க்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆனால் தொப்பூரில், நம் தொட்டியில், நம் பராமரிப்பில் என்று வரும்போதுதான் இடிக்கிறது.

"உப்புப் போட்டா கடல் தண்ணி ஆயிடும்" என்பதுதான் எல்லோரும் சொல்வது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடல் நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. நம் தொட்டி நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கல், மணல் போகச் சுமார் 200 லிட்டர் பிடிக்கும். அப்படியானால் 7 கிலோ உப்பு. கடையில் வாங்கும் கல் உப்பா? அதுவும் கடலில் எடுத்ததுதானே என்பார்கள். உப்பளத்தில் பாத்தி கட்டிக் காய்ச்சும்போது சோடியம் குளோரைடு படிகமாகித் தனியே நிற்கும். மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் பெரும்பாலும் மிஞ்சுகிற தண்ணீரோடு போய்விடும். ஆனால் பவளத்துக்கு அவையெல்லாம் வேண்டும். எலும்புக்கூடு கட்டக் கால்சியம் மட்டுமே லிட்டருக்கு 400 மில்லிகிராம் அளவில் இருக்க வேண்டும். அதற்கென்று தனியாகத் தயாரித்த கடல் உப்புக் கலவைதான் வாங்க வேண்டும். ஒரு தடவை வாங்கினால் போதாது. வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினால், வாரத்துக்கு 700 கிராம்.

இன்னொன்று, ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பு தொட்டியிலேயே நிற்கும். நம் ஊர் வெயிலுக்குப் பத்து லிட்டர் வற்றிவிட்டால், 35 கிராம் என்பது கிட்டத்தட்ட 37 கிராம் ஆகிவிடும். அப்போது உப்புத் தண்ணீரை ஊற்றக் கூடாது, நல்ல தண்ணீரைத்தான் ஊற்றணும். இதைத் தினமும் அளந்து பார்த்து ஊற்ற வேண்டும். சனி, ஞாயிறு யார் வந்து ஊற்றுவார்கள்? காலாண்டு, அரையாண்டு லீவுக்கு? மே மாதம் முழுக்க? இப்போது லீவு நாளில் காவலாளித் தாத்தா ஒரு சிட்டிகை தீனி போட்டுவிட்டுப் போகிறார். அது போதுமாக இருக்கிறது. அவரிடம் போய் உப்பு அளக்கும் கருவியைக் கொடுக்கலாமா?

சரி, இப்போது தொட்டியில் இருக்கும் மீன்கள் என்ன ஆகும்? சவ்வூடு பரவல் என்று பத்து மதிப்பெண்ணுக்கு எழுதுகிறோமே, அதை இங்கே வைத்துப் பாருங்கள். மீனின் ரத்தத்தில் இருக்கும் உப்பு, கடல் நீரில் இருப்பதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். நன்னீரில் இருக்கும்போது வெளியே உப்பு குறைவு, உள்ளே அதிகம். அதனால் தண்ணீர் தானாகவே உடம்புக்குள் வந்துகொண்டே இருக்கும். தங்கமீன் அதை எல்லாம் நீர்த்த சிறுநீராக வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. தண்ணீர் குடிப்பதே கிடையாது என்று சொல்லலாம். கடல் மீனுக்கு நேர் எதிர். வெளியே உப்பு மூன்று மடங்கு. உடம்பில் இருக்கும் தண்ணீர் வெளியே போய்க்கொண்டே இருக்கும். அதனால் கடல் மீன் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றும். நம் தங்கமீனுக்கு அந்த வேலை தெரியாது. அதைக் கடல் நீரில் விட்டால், தண்ணீருக்குள்ளேயே தாகத்தில் சாகும். 'மெதுவா பழக்கிடலாம்' என்று ஒரு அண்ணன் சொன்னார். மோலிக்கு அது சரி. மோலியை நாள் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உப்புக் கூட்டிக் கடல் நீருக்கே பழக்கலாம், உண்மைதான். தங்கமீனை முடியாது.

ஆக, பழைய மீன்களை எடுத்துவிட வேண்டும். எங்கே? "ஆத்துல விட்டுடலாம், பாவம் சுதந்திரமா இருக்கட்டும்."

நண்பர்களே, இந்த ஒரு வரிதான் என்னை இந்தத் தாள் முழுக்க எழுத வைத்தது. ஆறு என்று அவர்கள் சொல்வது தொப்பையாற்றை. ஏற்காட்டு மலைப் பக்கம் பிறந்து, நம் ஊர் வழியாகப் போய், மேட்டூர் நீர்த்தேக்கத்தில் காவிரியோடு சேர்கிற ஆறு. நம் தொட்டிக் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி தின்கிறதே ஒரு கறுப்பு மீன், 'டேங்க் கிளீனர்' என்று கடையில் கொடுத்தது, அது தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. குட்டியாக வாங்கும்போது விரல் நீளம். வளர்ந்தால் ஒரு அடியைத் தாண்டும். உடம்பு முழுக்கக் கவசம் மாதிரி தகடு. நம் ஊர்ப் பறவைகளும் பெரிய மீன்களும் அதைத் தின்னத் தயங்கும். வீட்டுத் தொட்டியில் பெரிதாகிவிட்டது என்று ஆட்கள் கொண்டுபோய் ஏரியில் விட்டு விட்டுத்தான் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் பல நீர்நிலைகளில் அது பெருகிக் கிடக்கிறது. மீனவர் வலையில் அது மாட்டினால் வலைதான் கிழியும், விற்கவும் முடியாது. கரையில் குழி தோண்டி முட்டை இடுகிற பழக்கமும் அதற்கு உண்டு.

ஜிலேபி மீன் கதையும் இதே மாதிரிதான். நாம் எல்லோரும் மேட்டூர் மீன் என்று வாங்கிச் சாப்பிடுகிறோம். அது ஆப்பிரிக்கா மீன். 1952-இல்தான் இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். இன்றைக்கு எந்தக் குட்டையில் தூண்டில் போட்டாலும் அதுதான் முதலில் வருகிறது. ஒரு தடவை தண்ணீரில் விட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் தொட்டி மாறுகிறதோ இல்லையோ, தொட்டி மீனை ஆற்றில் விடக் கூடாது. இதில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுக்க மனசில்லை.

இப்போது பவளத்துக்கு வருகிறேன். பவளப்பாறை என்றதும் கல் என்று நினைக்கிறோம். அது விலங்கு. குழியுடலிகள் பாடத்தில் ஹைட்ராவோடு வருகிறதே, அதே கூட்டம். ஒவ்வொரு பொடி உயிரும் தனக்கென்று சுண்ணாம்புக் கிண்ணம் கட்டிக்கொண்டு, ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழ்கிறது. அதன் உடம்புக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பாசி வெயிலில் உணவு தயாரித்துப் பவளத்துக்குக் கொடுக்கும். நிறமும் பெரும்பாலும் அதனால்தான். தண்ணீர் வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு டிகிரி, இரண்டு டிகிரி கூடுதலாகி வாரக்கணக்கில் நின்றால், பவளம் அந்தப் பாசியை வெளியே துப்பிவிடும். வெள்ளையாகிவிடும். சூடு சீக்கிரம் குறைந்தால் பிழைக்கும். இல்லாவிட்டால் பட்டினியில் சாகும்.

கடலுக்கே இந்தக் கதி. மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் பவளங்கள் பெரிய அளவில் வெளுத்தன. 2024 ஏப்ரலில், உலகம் முழுக்க நான்காவது முறையாகப் பவளம் வெளுக்கும் நிகழ்வு நடந்துகொண்டிருக்கிறது என்று விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அவ்வளவு பெரிய கடலே சூட்டைத் தாங்க முடியாமல் இருக்கும்போது, ஓட்டுக் கட்டடத்தில் நாலடித் தொட்டி தாங்குமா? தொட்டிக்கு 25, 26 டிகிரி இருந்தால் நல்லது. நம் ஊரில் சித்திரை மாதம் மத்தியானம் ஆய்வகத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தண்ணீரைக் குளிர்விக்கச் சில்லர் என்று ஒரு இயந்திரம் வைக்க வேண்டும். அது தவிர அலை மாதிரி தண்ணீரைச் சுற்றவிட மோட்டார், அழுக்கை நுரையாக்கி எடுக்கப் புரோட்டீன் ஸ்கிம்மர், பவளத்துப் பாசிக்குத் தனி விளக்கு. இவ்வளவும் கரண்டில் ஓடணும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்தினால் சாயங்காலம்தான் வருகிறது. அந்த நேரம் முழுக்கத் தண்ணீர் அசையாமல் நின்றால் ஆக்சிஜன் குறையும். காற்று மோட்டார் நின்றுபோனாலும் தங்கமீன் மேலே வந்து வாயைத் திறந்து எப்படியோ சமாளிக்கும். பவளம் எங்கே எழுந்து வரும்?

செலவைப் பற்றி நிறைய எழுதலாம். எழுதவில்லை. சில்லர் ஒன்றின் விலையே நம் தொட்டியின் விலையைப் போலப் பல மடங்கு.

அதைவிட எனக்கு உறுத்துவது தண்ணீர். கடல் உப்புக் கலவையைக் கரைக்கப் போர்வெல் தண்ணீர் ஆகாது. ஆர்.ஓ. தண்ணீர் வேண்டும். ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் கொடுக்க இரண்டு, மூன்று லிட்டரை வெளியே தள்ளும். 200 லிட்டருக்கு 400 முதல் 600 லிட்டர் வீண். தர்மபுரி மாவட்டத்தில் இதைச் செய்யலாமா? நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் புளூரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. இங்கே பல ஊர்க் கிணறுகளில் அதைத் தாண்டும். பல் காவி படிந்தவர்களை நம் வகுப்புகளிலேயே பார்க்கிறோம், எங்கள் தெருப் பெரியவர்கள் சிலருக்கு மூட்டே மடங்காது. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். அப்படி வந்த தண்ணீரை வைத்து ஒரு தொட்டிக்குக் கடல் தயாரிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 'கடல் தண்ணியையே கேன்ல கொண்டு வந்துடலாம்' என்றும் ஒரு யோசனை வந்தது. நமக்குக் கிட்டத்துக் கடல் புதுச்சேரிப் பக்கம், பஸ்ஸில் 200 கிலோமீட்டருக்கு மேல். வாரா வாரம் போவார்களா?

கடலுக்குப் பக்கத்திலேயே இருந்தாலும் இது சுலபம் இல்லை. சென்னை மெரினாவில் 1909-லேயே மீன் காட்சியகம் கட்டினார்கள். எதிரே கடல். கடல் மீன்களை வைத்து எத்தனையோ வருடம் நடத்தினார்கள். இரண்டாம் உலகப்போர் சமயம், 1942-இல் அதை மூடிவிட்டார்கள்.

சட்டத்தையும் பார்ப்போம். கல்பவளம் எல்லாமே 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இலிருந்து இருக்கிறது. அதாவது புலி இருக்கிற அதே அட்டவணை. நம் கடலிலிருந்து எடுப்பதும், விற்பதும், வாங்கி வைத்திருப்பதும் குற்றம். இப்போதைய சட்டப்படி மூன்று வருடம் முதல் ஏழு வருடம் வரை சிறை. உயிர் உள்ள பவளம்தானே, காய்ந்த துண்டு பரவாயில்லையா என்றால், அதுவும் கூடாது. தொட்டிக்கு அடியில் போடும் 'லைவ் ராக்' என்னும் கல்லும் பெரும்பாலும் கடலில் இருந்து பெயர்த்த பழைய பவளம்தான். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம் என்றால் அதற்கும் சர்வதேச அனுமதிச் சீட்டு வேண்டும். கடைக்காரர் 'எல்லாம் கிடைக்கும் தம்பி' என்று சொன்னாராம். கிடைக்கும் என்பது வேறு, எங்கிருந்து கிடைக்கிறது என்பது வேறு.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் 21 தீவுகள். 1986-இல் அவற்றைக் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பவள வகைகள் அங்கே. ஆனாலும் பல காலம் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளத்தைக் கடப்பாரை போட்டு உடைத்து வள்ளம் வள்ளமாகக் கொண்டுவந்தார்கள். பாறை போனதும் அலையைத் தடுக்க ஆள் இல்லை. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்று இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடிப் பக்கம் வான் தீவும் கரைந்துகொண்டே வந்ததால், 2015 முதல் அதன் முன்னால் கான்கிரீட்டில் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். 2002-இலிருந்தே அங்குள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் பவளத் துண்டுகளைச் சட்டங்களில் கட்டிக் கடலுக்கு அடியில் நட்டு வளர்க்கிறார்கள். உருண்டைப் பவளம் வருடத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஒரு கைப்பிடி அளவுத் துண்டு என்றால் நம்மில் சிலரின் வயசு அதற்கு. அங்கே ஒருவர் மூழ்கி மூழ்கி நடுகிறார். இங்கே நாம் நாலடித் தொட்டிக்காக ஒன்றைப் பெயர்க்கச் சொல்கிறோம்.

நியாயமாக ஒன்றையும் ஒத்துக்கொள்கிறேன். பவளமே வேண்டாம், கோமாளி மீன் மட்டும் போதும் என்றால் சட்டச் சிக்கல் இல்லை. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையைக் கண்டுபிடித்து நடத்துகிறார்கள். பரங்கிப்பேட்டையிலும் செய்திருக்கிறார்கள். அப்படிப் பண்ணையில் பிறந்த மீன் என்றால் கடலில் குறைவதில்லை. ஆனால் கடையில் விற்கும் மற்ற கடல் மீன்களில் பெரும்பாலானவை கடலில் பிடித்தவைதான். பிலிப்பைன்ஸ் கடலில் 1960-களிலிருந்து சயனைடு தெளித்து மீனை மயங்கவைத்துப் பிடித்தார்கள். மீனோடு பவளமும் செத்தது. நன்னீர் மீன் அப்படி இல்லை. தங்கமீன், கப்பி, மோலி எல்லாம் சென்னைக் கொளத்தூர் மாதிரி இடங்களில் வீட்டுப் பின்புறச் சிமெண்ட் தொட்டியில் பிறந்து வளர்ந்தவை. எனக்கு அது மனசுக்கு நிம்மதி.

"பார்க்காத கடல் மேல பிள்ளைங்களுக்கு எப்படிப் பாசம் வரும்?" என்று உயிரியல் ஐயா கேட்டார். நல்ல கேள்வி. நான் ரெண்டு நாள் யோசித்தேன். என் பதில் இது: கடலைப் பார்க்கக் கடலுக்கே போகலாம். வருடா வருடம் சுற்றுலா என்று பூங்காவுக்கும் அருங்காட்சியகத்துக்கும்தான் போகிறோம். ஒரு வருடம் மண்டபம் போவோம். மேலே சொன்ன ஆராய்ச்சி நிலையத்திலேயே கடல் மீன் காட்சியகம் இருக்கிறது. தொட்டிக்கு ஆகும் செலவைப் பஸ்ஸுக்குப் போட்டால் காசு கொடுக்க முடியாதவர்களையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

உப்பு நீர்ச் சோதனைதான் வேண்டும் என்றால் பெரிய தொட்டி எதற்கு? ஒரு கண்ணாடி பாட்டில் போதும். ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் இறால் முட்டை பாக்கெட்டில் விற்கிறது. லிட்டருக்கு 30 கிராம் அளவு கல் உப்புப் போட்டு, காற்றுக் குழாய் விட்டு வைத்தால், நம் ஊர்ச் சூட்டுக்கு ஒரு நாளிலேயே பொரிந்துவிடும். உருப்பெருக்கியில் பார்த்தால் துடுப்புப் போட்டு நீந்துவது தெரியும். பார்த்து முடித்ததும் மீனுக்குத் தீனி. மோலி இரண்டைத் தனி வாளியில் வைத்து உப்புக்குப் பழக்கியும் பார்க்கலாம். தினமும் அளவை நோட்டில் எழுதினால் சவ்வூடு பரவலுக்கு அதைவிட நல்ல செய்முறை கிடையாது.

பெரிய தொட்டிக்கு என் யோசனை: அதில் நம் ஆற்று மீன்களை வைப்போம். மழை பெய்து தொப்பையாற்றில் தண்ணீர் ஓடும் மாதத்தில் போனால் கெண்டைப் பொடி, மணலுக்குள் புதைந்து மூக்கை மட்டும் நீட்டும் அயிரை, தலை உச்சியில் வெள்ளிப் பொட்டு வைத்த மாதிரி மினுங்கும் கொசுப்புழு தின்கிற சின்ன மீன் எல்லாம் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் நாலைந்து போதும். ஆற்று மணலையே கழுவிப் போடலாம். தண்ணீர், சூடு, கரண்ட் கட் எதுவும் அதுகளுக்குப் புதிது இல்லை. அயிரையைக் குழம்பில் மட்டும் பார்த்தவர்கள் அது மணலுக்குள் நுழையும் வேகத்தைப் பார்த்தால் ஆச்சரியப்படுவார்கள்! நம் ஊர்ப் பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு அட்டையில் எழுதி ஒட்டலாம். கண்காட்சியில் வைத்தால் மாவட்டத்தில் வேறு யாரிடமும் இருக்காது. அன்றைக்கு மட்டும் சில மீன்களைச் சின்னத் தொட்டியில் வைத்தால் தூக்கிக்கொண்டும் போகலாம்.

இப்போது இருக்கும் தங்கமீன்களையும் மோலிகளையும் வீட்டில் தொட்டி வைத்திருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் வாங்கிக்கொள்ளத் தயார் என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கறுப்பு டேங்க் கிளீனரை யாரும் கேட்கவில்லை. அது நம் தொட்டியிலேயே இருக்கட்டும், அதன் ஆயுசு வரைக்கும். ஆனால் பொடி மீன்களோடு அது ஒத்துப்போகுமா என்று தெரிந்தவர்கள் சொல்லவும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்று நினைக்கும் அண்ணன்களும் அக்காக்களும் பதில் எழுதித் தமிழ் ஐயாவிடம் வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தால், அடுத்த தாளில் இதே இடத்தில் அதை ஒட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சில்லர் என்ன விலை, மே மாதம் யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற இரண்டுக்கும் பதில் அதில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பதினோராம் வகுப்பு உயிரியல் பிரிவு மாணவி